இளம் விண்மீன்களின் எக்ஸ் கதிர்: வெடித்த பிறகு மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இளம் விண்மீன்கள் திடீரெனப் பிரகாசமாவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1936–37இல் அப்படி ‘வெடித்த’ (அதாவது திடீரெனப் பிரகாசமான) எஃப்யூ ஓரியானிஸ் என்ற விண்மீன் இன்றும் அடங்கவில்லை என்பதையும், ஈஎக்ஸ் லூபி போன்ற விண்மீன்கள் மாதக்கணக்கில் அடங்கிவிடுகின்றன என்பதையும் அருகருகே வைத்து விளக்கியது நன்றாக இருந்தது. ஆனால் எக்ஸ் கதிருக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்தது: விண்மீனைச் சுற்றியுள்ள வாயு, தூசு வட்டிலிருந்து விழும் வாயு விண்மீன்மேல் மோதிச் சூடாவதால் எக்ஸ் கதிர் பெருகுகிறதாம். அந்த விளக்கம் பாதி வழிதான் போகிறது.

அந்த வாயு காந்தப்புலக் கோடுகளைப் பற்றிக்கொண்டு நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறது. அப்படி மோதினால் கிடைக்கும் வெப்பநிலை 10 முதல் 30 லட்சம் கெல்வின்தான். வாயு எவ்வளவு கொட்டினாலும் இந்த வெப்பநிலை பெரிதாக உயராது. விழும் வேகத்தைத் தீர்மானிப்பவை விண்மீனின் நிறையும் ஆரமும். ஆனால் வி1647 ஓரியானிஸ் என்ற இளம் விண்மீன் வெடித்தபோது காணப்பட்ட பிளாஸ்மாவின் (மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவின்) வெப்பநிலை ஏறத்தாழ 5 கோடி கெல்வின்! வெறும் மோதலால் இதை எட்ட முடியாது. காந்தக் கோடுகள் முறுக்கேறி, அறுந்து, மீண்டும் இணையும்போது வெளிப்படும் ஆற்றலே இதற்குக் காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வாயு பெருகி விழுவது அந்தக் காந்தப்புலத்தையே கலக்கிவிடுகிறது.

வி1647 ஓரியானிஸின் கதையைக் கட்டுரை விட்டுவிட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். 2004 ஜனவரியில் ஜே மெக்நீல் என்ற அமெச்சூர் வானியலாளர், ஓரியன் விண்மீன் கூட்டத்திலுள்ள மெஸ்ஸியர் 78 என்ற நெபுலாவுக்கு (வாயு, தூசு மேகத்துக்கு) அருகே முன்பு தெரியாத ஒரு நெபுலாவைத் தம் சிறிய தொலைநோக்கியில் படம்பிடித்தார். அதற்கு வெளிச்சம் தந்தது இந்த விண்மீன்தான். சில வாரங்களில் சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி அங்கே திருப்பப்பட்டது. வேறு நோக்கத்துக்காக 2002இல் அதே பகுதியைச் சந்திரா ஏற்கெனவே பார்த்திருந்ததால் இரண்டையும் ஒப்பிட முடிந்தது: எக்ஸ் கதிர் சுமார் 50 மடங்கு கூடியிருந்தது. ஒளி மங்கியபோது எக்ஸ் கதிரும் மங்கியது. 2008இல் விண்மீன் மறுபடி வெடித்தபோது அதுவும் எழுந்தது. அந்த எக்ஸ் கதிர் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதும் பின்னர் தெரியவந்தது. அதாவது, விண்மீனோடு சேர்ந்து சுழலும் சூடான இடங்களிலிருந்து அது வருகிறது.

எல்லா வெடிப்பும் இப்படி நடப்பதில்லை. 2005இல் வி1118 ஓரியானிஸ் என்ற இன்னொரு இளம் விண்மீன் வெடித்தபோது ஒளி வெகுவாகக் கூடியும் எக்ஸ் கதிர் அந்த அளவுக்கு உயரவில்லை, பிளாஸ்மா குளிர்ந்தது. ஒரே வகை வெடிப்பு, நேர்மாறான விளைவு. இதைக் கேள்விப்பட்டால் எந்த வாசகருக்கும் ஆர்வம் பிறக்கும்.

2002இன் தற்செயலான அந்தப் படம் இல்லாவிட்டால் ‘50 மடங்கு’ என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. வெடிப்பதற்கு முன் அமைதியாக இருந்த நாட்களின் பதிவு இல்லையென்றால், வெடித்த நாளின் பதிவை எதோடு ஒப்பிடுவது? விண்மீன்கள் பிறக்கும் பகுதிகளை ஒன்றும் நடக்காத காலத்திலும் எக்ஸ் கதிரில் பார்த்துவர வேண்டும், வெடித்தவுடன் தொலைநோக்கியைத் திருப்ப வேண்டும், அடங்கும்வரை விடக்கூடாது. எக்ஸ் கதிரைக் காற்றுமண்டலம் தடுத்துவிடுவதால் தரையிலிருந்து இதைச் செய்ய வழியில்லை. சந்திராவும் எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற இன்னொரு எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியும் 1999இல் ஏவப்பட்டவை, இரண்டுக்கும் வயதாகிவிட்டது. பரபரப்பில்லாத இத்தகைய வேலைக்கு நேரம் ஒதுக்குவதைத்தான் முதலில் குறைப்பார்கள் என்பது என் கவலை.

கோள்கள் உருவாகும் வட்டுக்குள் இந்தக் கதிர்கள் ஊடுருவி வாயுவை அயனியாக்குகின்றன, அதாவது அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. அங்கே நடக்கும் வேதியியலே அதனால் மாறுகிறது. ஆகவே எக்ஸ் கதிருக்கென்றே ஒரு தனிக் கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் வி1647, வி1118 இரண்டின் ஒளி வரைபடங்களையும் எக்ஸ் கதிர் வரைபடங்களையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டால் பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்