பூட்டோட பொண்டாட்டி

பாளையங்கோட்டை
ஞாயிறு மதியம்

அன்புள்ள சங்கரி,

ஏட்டி, ஏழு மாசமா ஒரு வரி எழுதலையேன்னு திட்டியிருப்பே. திட்டு. பேத்தி காதுகுத்துக்கு வராததுக்கும் சேர்த்தே திட்டிக்கோ. உங்க வீட்டு அண்ணனுக்கு முழங்கால் தேவலையா? எனக்குச் சுகரும் பிரஷரும் வழக்கம்போலத்தான். ஊர்க்கதை இவ்வளவுதான். இனி சொல்லப்போறது வேற.

நம்ம தம்பி ராசுவுக்கு மூளையில் கட்டி. கிளையோபிளாஸ்டோமா. மூளையில் வர்ற புற்றுநோயிலேயே பொல்லாதது, நாலாம் கிரேடு.

சித்திரையில் ஒரு ராத்திரி கடையை அடைக்கக் கிளம்பினவன் செல்விகிட்ட, "அந்த இதை எடு... பூட்டோட பொண்டாட்டியை" என்றான். சாவியாம். வீடே சிரிச்சுது. தபால்காரன் உத்தியோகம் பார்த்த காலத்திலேயே அவன் எதையாவது நேராச் சொல்லியிருக்கானா, நீயே சொல்லு. ரெண்டு நாள் கழிச்சுச் சீப்பு "தலைக்கு வாரியல்" ஆச்சு. குடை "கையில பிடிக்கிற கூரை". மூணு வாரம் சிரிச்சோம். நாலாவது வாரம் கடையில் ஆணி நிறுத்துக்கிட்டிருந்தவன், வலது கை வெட்டி இழுக்க, தராசோட சாய்ஞ்சுட்டான்.

அந்த மூணு வாரச் சிரிப்புதான் ராத்திரி என்னைத் தூங்கவிடலை. டாக்டர்கிட்ட கேட்டே விட்டேன். "அப்பவே கூட்டிட்டு வந்திருந்தாலும் இதே ஆபரேஷன், இதே மருந்துதாம்மா" என்றார். சமாதானத்துக்குச் சொன்னாரோ என்னமோ, நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.

கட்டி இருந்தது இடது பக்கம், காதுக்கு மேலே, பேச்சு குடியிருக்கிற இடத்தை ஒட்டி. இந்த நோயில் ஆபரேஷன்ல எவ்வளவுக்கு வழிச்சு எடுக்கிறாங்களோ அவ்வளவுக்கு ஆயுசு கூடும். ஜெர்மனியில் ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்து, நீல வெளிச்சத்தில் கட்டி மட்டும் சிவப்பா மினுங்க, அதைப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்காங்க. ஸ்கேனில் தெரியிற கட்டி முழுசும் போனது 100-க்கு 65 பேருக்கு. சாதா வெளிச்சத்தில் 36 பேருக்குத்தான். 2006-ல் வந்த கணக்கு. ஆனா ராசு விஷயத்தில் வெளிச்சம் இல்லை சிக்கல். ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு துண்டு, பேச்சோட பின்னிக்கிட்டு நிக்குது. "அதையும் எடுத்தா இவர் வாயே திறக்கமாட்டார், என்ன செய்யட்டும்?"னு கேட்டாங்க. செல்வி என் முகத்தைப் பார்த்தா. நான் "பேச்சு இருக்கட்டும்" என்றேன். வாயாடாத ராசுவை வச்சுக்கிட்டு நாங்க என்னட்டி செய்ய?

சொன்னது சரியான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. முழுசா எடுத்தாலும் இது திரும்பி வரும்னு படிச்சபிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. கட்டி ஒரு உருண்டையா நிக்கிறதில்லை. அருகம்புல் மாதிரி மூளையோட நரம்பு வழியெல்லாம் வேர் விட்டிருக்கும். வால்டர் டாண்டின்னு ஒரு அமெரிக்க டாக்டர், 1928-லேயே சில பேருக்கு மூளையோட வலது பாதியையே எடுத்துட்டதா எழுதியிருக்கார். அதுக்கும் அடங்கலை, வந்துட்டுது. வர்றதும் பெரும்பாலும் பழைய இடத்தைச் சுத்தி ரெண்டு சென்டிமீட்டருக்குள்ளேதானாம்.

அப்புறம் மதுரையில் வீடெடுத்து ஆறு வாரம் இருந்தோம். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாள் விடாம 30 கரண்ட், அதான் கதிர்வீச்சு. முகத்துக்கு வலை மாதிரி பிளாஸ்டிக் மாஸ்க் செஞ்சு, மேசையோட சேர்த்து இறுக்கிடுவாங்க. முதல் நாள் வெளியே வந்தவன் முகமெல்லாம் கட்டம் கட்டமா அச்சு. "அக்கா, பணியாரக்கல்லுல படுத்துட்டு வந்தேன்" என்றான். பணியாரக்கல் தடுமாறாம வந்துது பாரு, அங்கேயே அழுதுட்டேன். கூடவே டெமோசோலமைடு மாத்திரை, வெறும் வயித்தில். அதுக்கு முன்னால வாந்திக்கு ஒண்ணு. வீக்கத்துக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டில் முகம் பூசணிக்காய் ஆகி, ராத்திரி ரெண்டு மணிக்குத் தோசை கேட்பான்.

இப்ப கணக்குக்கு வர்றேன். முப்பது வருஷம் வட்டி போட்ட கை, சும்மா இருக்குமா? கரண்டும் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தா ஆயுசு 14.6 மாசம், வெறும் கரண்டுன்னா 12.1. 2005-ல் வெளியான ஆராய்ச்சி, இன்னைய வைத்தியமே அதிலிருந்துதான். செல்வியோட தம்பி இதை இன்டர்நெட்டில் பார்த்துட்டு, காலண்டரில் அடுத்த வருஷத்து மாசத்தை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். பிடுங்கி வச்சேன். அது கெடு தேதி இல்லைடி. பாதிப் பேர் அதுக்கு முன்னால போயிருக்காங்க, பாதிப் பேர் அதைத் தாண்டியிருக்காங்க, அவ்வளவுதான். நம்ம ஆள் எந்தப் பாதின்னு பார்க்கத்தான் மத்ததெல்லாம். வயசு 52, எழுபதைவிட நல்லது. தானே குளிச்சுச் சட்டை போட்டுக்கிறான், அதுக்குப் பெரிய மார்க். ஐ.டி.எச். ஜீன் மாறியிருந்தா நோயே கொஞ்சம் நிதானமான சாதியாம், இவனுக்கு மாறலை.

ஒண்ணே ஒண்ணு நமக்குச் சாதகமா விழுந்திருக்கு. இந்த மாத்திரை கட்டியோட டி.என்.ஏ.வை உடைக்கும். உடைஞ்சதை ஒட்டவைக்க எம்.ஜி.எம்.டி.ன்னு ஒரு ஜீன் இருக்கு. சில பேருக்குக் கட்டிக்குள்ளே அந்த ஜீனே பூட்டிக் கிடக்கும். ரிப்பேர்க்காரன் வரமாட்டான், மாத்திரை நல்லா வேலை செய்யும். அந்த ஆராய்ச்சியிலேயே பூட்டு இருந்து மாத்திரையும் எடுத்தவங்களில் ரெண்டு வருஷம் தாண்டினது 100-க்கு 46 பேர். பூட்டு இல்லாதவங்க 14 பேர்கூட இல்லை. ராசுவுக்குப் பூட்டு இருக்கு. சொன்னதும் அவன், "பொண்டாட்டியைத் தேடாதீங்க, அப்படியே கிடக்கட்டும்" என்றான். அந்த ரூமில் இருந்த டாக்டர் பிள்ளைக்கு ஒண்ணும் புரியலை. நானும் செல்வியும் வாயைப் பொத்திக்கிட்டோம்.

சொந்தக்காரங்களைப் பத்தி எழுதினா நோட்டு பத்தாது. செல்போன்தான் காரணம்னு ஒருத்தர், கடைவாசலை மாத்தினதுன்னு இன்னொருத்தர். சித்தப்பா மகன் ஒரு லேகியத்தோட வந்து நிக்கான். ரத்த டெஸ்டில் தட்டணுக்கள் குறைஞ்சா மாத்திரையையே நிறுத்திடுவாங்க, இந்த நேரத்தில் என்னன்னு தெரியாததை வயித்துக்குள்ளே போடுவாங்களா? டப்பாவைப் பரணில் போட்டிருக்கேன்.

நான் கடிதம் எழுத உட்கார்ந்ததே வேற காரியத்துக்கு. போன வாரம் கரண்ட் முடிஞ்சு முதல் ஸ்கேன். அந்த இடம் முன்னைவிடப் பெருசா, வெள்ளையாத் தெரியுது. எனக்குக் காது அடைச்சுப் போச்சு. டாக்டர் மட்டும் அசையலை. கரண்ட் முடிஞ்ச முதல் மூணு மாசத்தில் வைத்தியத்தாலேயே புண்ணாகி, வீங்கி, கட்டி வளர்ந்த மாதிரியே ஸ்கேனில் காட்டுமாம். பூட்டு உள்ளவங்களுக்கு அப்படி வர்றது கூடுதலாம். நிஜமாவே வளர்ந்திருந்தாலும் படம் இப்படித்தான் இருக்குமாம். மாத்திரையை நிறுத்த வேண்டாம், ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்ப எடுத்துப் பார்ப்போம்னுட்டார். ஒரே படம் சங்கரி, நல்ல சேதியும் அதுதான், கெட்ட சேதியும் அதுதான்.

ராசு காரில் கேட்டான், "கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" "தெரியலைடா" என்றேன். நிஜத்தைத்தான் சொன்னேன், ஆனா பொய் சொன்ன மாதிரி உள்ளங்கை வேர்த்துட்டுது. அவன் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துட்டு, "சங்கரிக்காவுக்கு எழுதிட்டியா?" என்றான். உன் பேர் தடுக்கலை.

அடுத்த ஸ்கேனுக்கு முன்னால ஒரு நடை வந்துட்டுப் போ. அதிரசம் கொண்டு வராதே, ஸ்டீராய்டில் சுகர் முந்நூறைத் தொடுது, பார்த்தா விடமாட்டான். சீடை கொண்டு வா. நாங்க கடைப்பக்கம் போயிருந்தா வீட்டுச் சாவி எதிர்வீட்டில் இருக்கும். அந்தம்மாகிட்ட சாவின்னு கேட்டாலும் தருவா, ராசு வச்ச பேரைச் சொல்லிக் கேட்டாலும் தருவா.

உன்
கோமு