கண்ணாடி அலமாரி எங்கே, பாப்பா?

முடிச்சூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே உன் நலமறிய ஆவல். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற வரிதான் என்றாலும், இந்த முறை அதை மனதார எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருப்பதாலும், நீயும் ஏதோ அவசரத்தில் இருப்பது போலவே பேசுவதாலும், கேட்க நினைத்ததைக் கேட்காமலேயே வைத்துவிடுகிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பரணில் இருக்கும், துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் பொம்மைக் கார் கிட் பெட்டிகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் அப்பா, இனிமேல் எனக்கு அவை வேண்டியிருக்காது என்று போன மாதம் சொன்னாய். நானும் சரி என்றேன். ஆனால் இதுவரை ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. நேற்று ஏணி போட்டு ஏறி, எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் பதினொன்று. அவற்றில் எட்டு டாமியா கம்பெனியுடையவை, எல்லாம் 1/24 அளவு, அதாவது நிஜக் கார் நீளத்தில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. மீதி மூன்றும் 1/25 அளவில் உள்ள அமெரிக்கக் கார்கள். எதிலும் உள்ளுறையைக்கூட நீ பிரிக்கவில்லை. ஒரு பெட்டியில் மட்டும் டயர்கள் கண்ணாடித் துண்டுகளின் மேல் சாய்ந்து கிடந்தன. டயரில் உள்ள எண்ணெய்ப்பசை நாள்பட்டால் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும் என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்? நல்லவேளையாகக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சிறு தழும்போடு போயிற்று. எல்லாப் பெட்டியிலும் டயர்களை எடுத்துத் தனித்தனிக் கவரில் போட்டுவிட்டேன். ஸ்டிக்கர் தாள்கள் நான்கு பழுத்து மஞ்சளாகிவிட்டன. அவற்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, கிழக்கு ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டியிருக்கிறேன். சில வாரங்களில் மஞ்சள் வெளுத்துவிடும். இவ்வளவும் செய்த பிறகு எப்படி யாருக்கோ தூக்கிக் கொடுப்பேன்?

பாப்பா, மூன்று ஞாயிறுகளாக நான் ஒன்றைக் கவனித்து வருகிறேன். நீ வீடியோவில் பேசும்போது உன் தோளுக்குப் பின்னால் எப்போதும் நீ செய்து முடித்த கார்கள் வைத்த அந்தக் கண்ணாடி அலமாரி தெரியும். இரண்டாம் தட்டில் இடது ஓரமாகச் சிவப்பு மினி, அதற்குப் பக்கத்தில் நீலநிறச் சுபாரு, மேல்தட்டில் நீ இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து முடித்த போர்ஷே. நீ பேசிக்கொண்டிருக்கும்போது நான் அவற்றை எண்ணிக்கொண்டிருப்பேன் என்பது உனக்குத் தெரியாது. இப்போது உன் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர் இருக்கிறது. முதல் வாரம், வேறு அறையில் உட்கார்ந்து பேசுகிறாய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் முன்பெல்லாம் உன் முகத்தில் வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும். இப்போது இடப்பக்கத்திலிருந்து, அதுவும் மிகச் சிறிய ஜன்னலிலிருந்து விழுகிறது. வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்தே கார் பெயிண்டில் குறை கண்டுபிடித்துப் பிழைத்தவன் நான். வேறு எதையும் கேட்கவில்லை. திண்டிவனத்தில் அத்தை வீட்டில் நடந்துகொண்டது போல இனி நடந்துகொள்ள மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அலமாரி எங்கே என்று மட்டும் கேட்கிறேன்.

நீ இன்னமும் பெயிண்ட் அடிக்கிறாய் என்றால், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடி. குளிர் என்று சாத்திவிடாதே. மேல்பூச்சாக அடிக்கும் நிறமில்லாத கிளியரில், அது இறுகக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற மூச்சைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது. துணி முகமூடி அதைத் தடுக்கவே தடுக்காது. அதற்கென்று உள்ள முகமூடியைப் போட்டுக்கொள். பட்டறையில் என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் கடைசிக் காலத்தில் மூச்சுக்குத் தவித்ததை நீயே பார்த்திருக்கிறாய். சின்ன அறையாக இருந்தால் அடிக்கவே வேண்டாம், பால்கனியில் வைத்து அடி.

முதல் கிட் உனக்கு நினைவிருக்கும். 1999 தீபாவளி போனஸில் பர்மா பஜாரில் வாங்கியது, டாமியாவின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு இது எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நானும் பிறகு எத்தனையோ முறை அதையே கேட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு சமயத்தில் நீ துண்டுகளை வெட்டும் நிப்பரையும் பசைப் புட்டியையும் பீரோவில் வைத்துப் பூட்டியவனும் நான்தான். ஆனால் அன்றைக்கு நீ துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டையும் வெட்டி எடுத்து, வெட்டிய தழும்பு தெரியாமல் வாட்டர் பேப்பரால் தேய்த்த விதத்தைப் பார்த்து அசந்துபோனேன். கார் ஆலையில் மூன்று வருடம் பயிற்சி எடுத்த பையன்களுக்கு அந்தப் பொறுமை வரவில்லை. ஐப்பசி மழையில் பெயிண்ட் அடித்து, காரெல்லாம் பால் தெளித்தது போல வெளுத்துப் பூத்ததும் அழுதாய். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்துவிடும், காற்றிலுள்ள ஈரம் அதில் வந்து படிந்துவிடும், அதுதான் வெளுப்பு என்று சொன்னேன். வெயில் அடித்த ஒரு நாள், மெதுவாகக் காயும் தின்னரை மெலிதாகப் புகை போல அதன் மேல் அடித்தோம். வெள்ளை கரைந்து உள்ளேயிருந்து பச்சை மேலே வந்தபோது நீ கைதட்டினாய். அதற்கு முன்னால், பட்டறைத் தின்னரை வெறும் பிளாஸ்டிக்கில் அடித்து ஒரு மட்கார்டை உருக்கியவன் நான் என்பதை நீ யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு நீ எனக்கே பாடம் எடுத்தாய். நிஜக் காரில் பிரைமர் முதல் கிளியர் வரை எல்லாப் பூச்சும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூட இருக்கும். அதே கனத்தை 1/24 அளவுக் காரின் மேல் ஏற்றினால், நிஜக் காரில் இரண்டரை மில்லிமீட்டர் பட்டி பார்த்ததற்குச் சமம். கதவுக்கோடெல்லாம் தூர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாய். வருடக்கணக்காகப் பெயிண்ட் அடித்தவனுக்கு அது தோன்றவே இல்லை. கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்த அன்று சந்தோஷப்பட்டதைவிட, அந்தக் கணக்கைக் கேட்ட அன்று நான் அதிகம் சந்தோஷப்பட்டேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

ஹெரால்டு காரைப் பற்றி இப்போது எழுத வேண்டும். 1970-இல் நான் வண்டலூர் ஸ்டாண்டர்டு ஆலையில் பயிற்சியாளனாகச் சேர்ந்தபோது கைபட்ட முதல் கார் அது. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1961 முதல் நம் ஊரில் செய்யப்பட்ட கார். அங்கே இரண்டு கதவுதான். நான்கு கதவு வைத்த ஹெரால்டு இங்கே மட்டும்தான் வந்தது. இதை நான் ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லப்போக, நீ ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/32 ஹெரால்டு கிட்டை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்து, அதன் கதவுக்கோட்டைப் பட்டி வைத்து அடைத்து, ஊசிமுனையால் புதிதாக நான்கு கதவு கீறினாய். மொத்தக் காரே பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம். அதில் நான்கு கைப்பிடி, பின்னால் பழைய மெட்ராஸ் பதிவெண். பாலேட்டு நிறத்தை நான்தான் கலந்து கொடுத்தேன். நீ இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அந்த ஊரின் கேன்லி பகுதியில் ஹெரால்டு செய்த ஆலை இருந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் போன் செய்தாய். அப்பா, உங்கள் கார் பிறந்த ஊரில் நிற்கிறேன் என்றாய். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாப்பா, அந்த வெள்ளத்தைப் பற்றி நான் உன்னிடம் சொன்னது உண்மை இல்லை.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பிற்பகல் நீ போன் செய்து, கார்களை மாடிக்கு எடுத்து வைத்துவிடுங்கள் என்று சொன்னாய். நவம்பரிலேயே ஒருமுறை தெருவில் தண்ணீர் நின்று வடிந்திருந்தது என்பதால் எனக்கும் பயம் இருந்தது. தண்ணீர் ராத்திரியில் திடீரென்று வந்துவிட்டது, நேரம் இல்லை என்று பிறகு சொன்னேன். நேரம் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வீட்டுப் பத்திரம், அரிசி மூட்டை, டி.வி., மிக்ஸி, அம்மாவின் பட்டுப்புடவைகள் எல்லாவற்றையும் ஏற்றினேன். கட்டிலுக்கடியில் இருந்த இரண்டு கொலுப்பெட்டிகளையும் ஒவ்வொரு படியாக மாடிக்குத் தூக்கினேன். உன் இருபத்து மூன்று கார்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டியில், தரையில் இருந்தன. அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கினேன். கடைசியாக எடுத்துக்கொள்ளலாம், பொம்மைதானே என்று நினைத்தேன். கொலுப்பெட்டியில் இருந்ததும் பொம்மைதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிறகு முழங்கால் அளவு வந்துவிட்டது, நான் இறங்கவில்லை.

அவை தரையில் இருந்ததற்குக் காரணமும் நான்தான். உன் கல்யாணத்துக்கு முந்தைய வாரம், மாப்பிள்ளை வீட்டார் வரும்போது ஹாலில் கார் பொம்மைகள் இருந்தால் என்ன நினைப்பார்களோ என்று அவற்றை ஷோகேஸிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். கல்யாணம் முடிந்ததும் திரும்ப வைத்துவிடுகிறேன் என்று உனக்குச் சொன்னேன். வைக்கவே இல்லை. கல்யாணத்துக்கு வந்த பரிசுப் பாத்திரங்களை அந்த இடத்தில் அடுக்கிவிட்டேன். வெள்ளம் வடிந்த பிறகு அட்டைப்பெட்டி கூழாகிக் கிடந்தது. கார்களுக்குள் சேறு அடைத்துக்கொண்டிருந்தது. நனைந்த மெத்தைகளோடு சேர்த்து அவற்றையும் தெருவில் கொண்டுபோய்க் கொட்டினேன். உனக்கு வருத்தம் வேண்டாம் என்றுதான் மறைக்கிறேன் என்று பத்து வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வெட்கத்தைத்தான் மறைத்துக்கொண்டிருந்தேன்.

ஹெரால்டை மட்டும் கொட்ட மனம் வரவில்லை. என் பழைய டூல் பாக்ஸின் அடித்தட்டில், துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் தெரியாது. நேற்றுதான் வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷால் கழுவினேன். கதவுக்கோடுகளில் இன்னும் செம்மண் இருக்கிறது. குச்சியால் நோண்டினால் கீறல் விழுமோ என்று விட்டுவிட்டேன். முன்கண்ணாடி இல்லை, பின்னால் ஒரு சக்கரம் இல்லை. கூரையின் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. இடப்பக்கப் பின்கதவின் கோடு கீழே வரும்போது ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது. அந்த இடத்தில் ஊசி வழுக்கி உன் விரலில் குத்திக்கொண்டாய். பழுது பார்க்க நான் கைவைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். அது உன் வேலை.

மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். ஜன்னல் இரண்டும் நன்றாகத் திறக்கும். பங்குனி, சித்திரையில் கடற்காற்று வருவதற்கு முன்னால் முற்பகலில் அடித்தால் பெயிண்ட் பூக்காது. நீ எத்தனை நாள் இருக்க நினைத்தாலும் இருக்கலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கடிதத்தின் முடிவில் மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை எழுதுவதா வேண்டாமா என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தபாலில் போடலாம் என்றால், பழைய முகவரிக்குப் போட்டால் உன் கையில் கிடைக்குமா என்று தெரியவில்லை. அதனால் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். முகவரி மாறியிருந்தால் எழுதி அனுப்பு. ஏன் மாறியது என்று எழுத வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு பேசும்போது போனை ஒருமுறை அறை முழுவதும் சுற்றிக் காட்டு. அலமாரி இல்லாவிட்டாலும் காட்டு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். முகமூடி வாங்கப் பணம் வேண்டுமென்றால் சொல், வேறு எதற்கு வேண்டுமென்றாலும் சொல்.