தீர்த்தக்குளமும் வெள்ள வடிகானும்: திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிச் சபை உறுப்பினர்களுக்கும் உபயகாரர்களுக்கும் ஊரவர்களுக்கும் வணக்கம்.

நமது பிள்ளையார் கோயில் தீர்த்தக்குளத்தைப் புதுப்பிக்கும் வேலையும், அதோடு சேர்ந்த வெள்ள வடிகான் வேலையும் நிறைவு பெற்றுள்ளன. திருவிழாவில் தீர்த்தம் பழையபடி குளத்திலேயே நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். அறிக்கையை அப்போதே எழுதியிருக்கலாம். ஆனால் மழை பார்க்காத கானைப் பற்றி என்ன எழுதுவது? ஒரு மாரி கழியட்டும் என்று சபை காத்திருந்தது. மாரி கழிந்தது, எழுதுகிறோம்.

"கோபுரத்துக்கு வர்ணம் பூச வேண்டிய காசைக் கானுக்குள் போடுவதா?" என்று பொதுக்கூட்டத்தில் கேட்டவர்கள் சிலர். நியாயமான கேள்விதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

நம் ஊர் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரை முழுக்க அப்படித்தான். கடலலை காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட மணல், வடக்குத் தெற்காக மேடு மேடாகக் கிடக்கிறது. மேடுகளுக்கு இடையில் பள்ளங்களும் அதே திசையில் ஓடுகின்றன. மழைநீர் பள்ளத்தில் இறங்கும், பாதி மணலில் ஊறும், மீதி பள்ளத்தோடு போய்த் தோணா என்னும் இயற்கை வாய்க்காலில் விழுந்து வாவியைச் சேரும். எவ்வளவு மழை பெய்தாலும் விடிந்தால் வீதி மணல் காய்ந்து கிடந்ததாக மூத்தவர்கள் சொல்வது இதனால்தான்.

பிறகு குறுக்கு ஒழுங்கைகள் வந்தன, எல்லாம் கிழக்கு மேற்காக. மணல் ஒழுங்கை கிறவல் (சரளை மண்) வீதியாகி, கிறவல் வீதி கொங்கிறீட் வீதியானது. ஒவ்வொரு முறையும் வீதி கொஞ்சம் உயர்ந்தது, வளவு இருந்த இடத்திலேயே இருந்தது. கிடுகு வேலி போய் மதில் வந்தது. வேலிக்குள்ளால் தண்ணீர் போகும், மதிலுக்குள்ளால் போகாது. சுனாமிக்குப் பிறகும் யுத்தம் முடிந்த பிறகும் வீடு கட்ட வந்தவர்கள், பள்ளக் காணி மலிவாகக் கிடைத்ததால் வாங்கி, கிறவல் கொட்டி நிரவினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வேறு காணி எங்கே இருக்கிறது? முந்திய திருப்பணிகளில் கோயிலும் உள்வீதி வெளிவீதி எல்லாம் கல் பாவியது. ஆக, மாரி வந்தால் வெளிவீதியில் முழங்காலளவு தண்ணீர். தேர்முட்டிப் பக்கம் இன்னும் ஆழம்.

முதலில் வந்த யோசனை சுலபமானது: வீதிக்கு மண் போட்டு இரண்டடி உயர்த்துவது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்ற நம் ஊர்ப் பொறியியலாளர் ஒரே கேள்வியில் அதை நிறுத்தினார். "உயர்த்தலாம். இங்கே நிற்கிற தண்ணீரை யார் வீட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள்?" வடக்கு ஒழுங்கை ஆட்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் போட்ட கணக்கை அப்படியே தருகிறோம், பிள்ளைகளும் படிக்கட்டும். 100 மில்லிமீற்றர் மழை என்று வானொலியில் கேட்டுவிட்டுப் போகிறோம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் அது 100 லீற்றர். கோயில் கூரைகளும் கல் பாவிய வீதிகளும் ஏறத்தாழ அரை ஏக்கர். அந்த இடத்தில் மட்டும் 2 இலட்சம் லீற்றர் விழுகிறது. கோயிலை நோக்கிச் சரிந்திருக்கும் சுற்றயல் 15 ஏக்கர் அளவு, அதில் விழுவது 60 இலட்சம் லீற்றர். திறந்த மணல் வளவில் விழும் மழையில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் மேலால் ஓடும். கொங்கிறீட்டிலும் கூரைத் தகட்டிலும் பத்தில் ஒன்பது பங்கு ஓடும். இரண்டும் கலந்து கிடக்கும் நம் பகுதிக்குப் பாதி என்று எடுத்தார். அப்படியானால் ஒரு நல்ல மழைக்கு 30 இலட்சம் லீற்றர் கோயிலைத் தேடி வருகிறது. நம் தீர்த்தக்குளம் 130 அடி நீளம், 100 அடி அகலம், வான் (மிகுதி நீர் வழிந்து வெளியேறும் இடம்) மட்டம் வரை 5 அடி. வெறுமையாக இருந்தால் 18 இலட்சம் லீற்றர் கொள்ளும். மிச்சத்துக்கு வழி வேண்டும்.

"எல்லாத் தண்ணீரையும் ஒரே கானில் விட்டு வெளியே தள்ளிவிடுவோம்" என்ற பேச்சும் வந்தது. சரி, தள்ளலாம். ஆனால் ஆவணி மாதக் கிணறு? நம் மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் 40 அடிக்கு உப்பு ஏறாமல் அது தடுக்கும். மேலே ஓரடியை வடித்துவிட்டால் கீழே இழப்பது அவ்வளவும். ஆகவே முதலில் ஊறவிடுவது, ஊறாததைக் குளத்தில் நிறுத்துவது, குளமும் கொள்ளாததை மட்டும் கானில் விடுவது என்று ஒழுங்கு வைத்தோம். குளத்தின் அடியில் கொங்கிறீட் போட்டுத் தருவதாக ஓர் உபயகாரர் முன்வந்தார். அடி மணலாகவே இருக்க வேண்டும் என்று மறுத்துவிட்டோம். அவருக்கு மனவருத்தம் இருந்தது, ஆனாலும் மேற்குப் படிக்கட்டை ஏற்றுச் செய்து தந்தார். சுற்றுக் கட்டுகள் கருங்கல். மண்ணுக்குள் நிற்கும் நீர் கட்டைத் தள்ளிவிடாமல் இருக்க இடையிடையே துவாரம் விட்டிருக்கிறோம். அவை கட்டும்போது விட்ட பிழை இல்லை, தயவுசெய்து யாரும் பூச வேண்டாம்.

குளம் வெட்டியது ஆடியில், கச்சான் காற்று அடித்து நிலத்தடி நீர் இறங்கியிருந்த நேரம். பெக்கோ இயந்திரம் இரண்டு பக்கமும் நின்று அள்ளியது. சேற்றோடு ஆற்றுவாழை வேரும், கற்பூரம் சுற்றி வந்த பொலித்தீனும், போத்தலும் வந்தன. சேற்றைக் கோயில் தென்னங்காணியில் பரப்பியாயிற்று.

கான் வேலைதான் பொறுமையைச் சோதித்தது. குளத்து வானிலிருந்து வாவி வரை 420 மீற்றர். இவ்வளவு தூரத்துக்கும் கிடைத்த சரிவு மொத்தமே 60 சென்ரிமீற்றர். ஓரிடத்தில் நாலு விரற்கடை மேடு விழுந்தால் போதும், அதற்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும். மேசன்மார் பழைய முறைப்படி தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயால் மட்டம் பிடித்தார்கள். பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மட்டக் கருவி கொண்டு வந்தார். நடுவில் ஓரிடத்தில் இரண்டுக்கும் ஒன்றரை அங்குலம் வித்தியாசம். கருவியா குழாயா என்று அரை நாள் வாதம் நடந்தது. கடைசியில் தலைமை மேசன் குழாயை வெயிலுக்கு உயர்த்திப் பிடித்துப் பார்த்தார், நடுவில் ஒரு சின்னக் காற்றுக் குமிழி. அதைத் தட்டி வெளியேற்றியதும் இரண்டும் ஒத்துப்போயின. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் முதல் வேலை குமிழி பார்ப்பதுதான்.

பழைய தோணாவின் பாதை தென்னங்காணிகளுக்குள் மறைந்து கிடந்தது. பழைய காணி உறுதிகளில் எல்லையாக வாய்க்கால் எழுதப்பட்டிருந்ததால் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. காணிக்காரர்கள் யாரும் இழப்பீடு கேட்கவில்லை. ஒருவர் மட்டும் தன் பலா மரத்தைத் தொடக்கூடாது என்றார், கான் அந்த இடத்தில் வளைந்து போவதற்குக் காரணம் அதுதான்.

கானின் கடைசிப் பகுதி பக்கத்து ஊர் எல்லைக்குள் இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தாரோடு இருந்து பேசினோம். அவர்கள் கேட்டவை இரண்டு: மத்ரசாவுக்கு முன்னால் கானுக்கு மூடி போட வேண்டும், மழைநீரைத் தவிர வேறு எதுவும் கானில் வரக்கூடாது. முதலாவது கையோடு முடிந்தது. இரண்டாவதற்கு இன்னும் பாடுபடுகிறோம். மூடிய கானைக் கண்டால் குழாய் பொருத்தக் கை துடிக்கும் போலிருக்கிறது. ஒரு நாள் காலையில் பார்த்தால், புதுச் சுவரில் வட்டமாக வெட்டிய துளை, அதற்குள் 4 அங்குல பிவிசி குழாய், சுற்றிப் பூசிய சீமெந்து இன்னும் ஈரம். குசினித் தண்ணீர். பெயர் எழுதவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பேசினார், இளைஞர்கள் அந்த வளவிலேயே ஓர் ஊறுகுழி வெட்டிக் கொடுத்தார்கள், குழாய் கழற்றப்பட்டது. இனிமேலும் இப்படித்தான் செய்வோம்: முதலில் ஊறுகுழி, அதற்கும் இணங்காவிட்டால் முறைப்பாடு.

கான் வாவியில் விழும் இடத்தில் வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் கதவு போட்டிருக்கிறோம். வாவி உயர்ந்தால் அது தானாகச் சாத்திக்கொள்ளும், இல்லாவிட்டால் வாவித் தண்ணீர் கானால் ஏறி ஊருக்குள் வரும். கதவு சாத்தியிருக்கும் நேரத்தில் ஊர்த் தண்ணீர் குளத்தில் நிற்கும். குளத்து வானில் பலகைகள் இருப்பதும் அதற்காகத்தான். வளிமண்டலவியல் திணைக்களம் கடும் மழை என்று அறிவித்தால், வாவி தாழ்ந்திருக்கும்போதே பலகைகளை எடுத்துக் குளத்தை 2 அடி இறக்கிவிடலாம். 7 இலட்சம் லீற்றருக்கு இடம் கிடைக்கும்.

அந்தக் கதவை எப்போது சாத்துவது என்பது நம் கையில் இல்லை. வாவிக்கு மேற்கே உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்களின் பக்கம் பெய்யும் மழைதான் அதை முடிவு செய்கிறது. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் முதலில் மேற்குக் கரையான படுவான்கரை வயல்கள் மூழ்கும், பிறகு வாவி ஏறும். அம்பாறைப் பக்க வயல்களின் வடிச்சல் நீரும் வாவியின் தென்கோடியில்தான் விழுகிறது. இவ்வளவும் சேர்ந்த 56 கிலோமீற்றர் நீள வாவி கடலுக்குப் போக வழி பாலமீன்மடு முகத்துவாரமும் கல்லாற்றுப் பக்கமும்தான். கோடையில் ஆற்று வரத்து குறைய, அலை மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடும். நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைக்கூட எட்டாததால் கடல் தானாக அதைத் திறந்து தராது. மாரியில் பெக்கோ வைத்து ஆற்றுவாயை வெட்டுகிறார்கள். எப்போது வெட்டுவது என்பதில் ஒவ்வொரு வருடமும் இழுபறி. வயல்காரர் நேரத்தோடு வெட்டச் சொல்வார், மீனவர் இறால் போய்விடும், பொறுங்கள் என்பார். இரண்டு பக்கத்திலும் வயிற்றுப்பாடு இருக்கிறது.

இந்தத் தண்ணீருக்குப் பொறுப்பானவர்களைத் தேடிப் போனபோது எங்களுக்கே தலை சுற்றியது. பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களம், சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களம், பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபை, ஒழுங்கை பிரதேச சபை, கடலோரத்துக்குத் தனித் திணைக்களம். போதாதற்கு மாவட்ட எல்லை வேறு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது, தண்ணீருக்கு யாரும் அறிவிக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் எங்கள் கோவை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவே பல மாதம் எடுத்தது.

அதனால் கோயில் வேலையைத் தாண்டி ஒரு கோரிக்கைக் கடிதமும் பிரதேச செயலகத்துக்குக் கொடுத்திருக்கிறோம். வாவிக்கு நீர் வரும் பரப்பு முழுவதையும் ஒரே படத்தில் வைத்து, எந்தப் பள்ளம் எந்தத் தோணாவுக்குப் போகிறது என்று குறிக்க வேண்டும். ஒரு வீதியைக் கொங்கிறீட் போட மதிப்பீடு செய்யும்போது அந்தப் படத்தைப் பார்த்து மட்டமும் மதகும் தீர்மானிக்க வேண்டும். எஞ்சியிருக்கும் பள்ளக் காணிகளை நிரவ அனுமதி கொடுக்கக் கூடாது. வான்கதவு திறக்கும் அறிவிப்பு வயல்காரருக்குப் போகும்போதே எழுவான்கரைச் சபைகளுக்கும் வர வேண்டும். இவற்றில் கடைசியானதற்கு மட்டும் சம்மதம் கிடைத்துள்ளது, கிராம உத்தியோகத்தர் மூலம் செய்தி வருகிறது.

மாரி எப்படிப் போனது? கார்த்திகைக் கடைசியில் பெய்த பெருமழையில் வெளிவீதியில் கணுக்காலளவு தண்ணீர் ஏறி, மறுநாள் மத்தியானப் பூசைக்குள் வடிந்துவிட்டது. வடக்கு ஒழுங்கையில் வடியவில்லை. அங்கே பிரதான வீதிக்குக் கீழே உள்ள மதகு சிறியது, அதில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை, கடிதத்தில் சேர்த்திருக்கிறோம். மார்கழியில் வாவி உயர்ந்து கதவு சாத்தியபோது குளம் வான் மட்டத்துக்கு வந்து படிகள் மூழ்கின, வீதிக்கு ஏறவில்லை. 2011 ஜனவரியில் வந்தது போன்ற வெள்ளம் மறுபடி வந்தால் இந்தக் கான் தாங்குமா என்று கேட்கிறார்கள். தாங்காது. அப்படியான வெள்ளத்துக்கு அன்றுபோல மேட்டுப் பாடசாலைக்குப் போகத்தான் வேண்டும். வருடாந்தம் வரும் மழைக்காகக் கட்டியது இது.

வரவு செலவுக் கணக்கு, கணக்காய்வாளர் கையொப்பத்துடன் கோயில் அறிவித்தல் பலகையில் இருக்கிறது. சிரமதானத்துக்கு வந்தவர்களின் உழைப்பு அதில் காசாகக் காட்டப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து உபயம் அனுப்பியவர்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது.

பராமரிப்புக்குத் திருவிழா ஒழுங்கையே பின்பற்றுகிறோம். எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) எந்த நாள் திருவிழாவோ, அந்த வரிசையில் கானும் பங்கு போடப்பட்டிருக்கிறது. புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு குடியும் தன் பங்கில் மணல் படிவதற்காகக் கானில் கட்டியுள்ள தொட்டிகளை அள்ளித் துப்புரவாக்க வேண்டும், கோயில் நிர்வாகியான வண்ணக்கர் வந்து பார்ப்பார். தொட்டிகளின் அடியில் ஊறுவதற்கு வழி விட்டிருப்பதால் மழை விட்டதும் காய்ந்துவிடும், நுளம்பு முட்டையிட இடம் இராது. காயாமல் நின்றால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், உடனே சொல்லுங்கள். வான் பலகைப் பூட்டின் திறப்பு ஒன்று குருக்களிடமும் மற்றொன்று செயலாளரிடமும் இருக்கும். தங்கள் வளவுத் தண்ணீர் வடிய வேண்டும் என்று யாரும் பூட்டை உடைக்க வேண்டாம், கேட்டால் வந்து திறப்போம்.

சந்திக்கு மேற்கே கானின் ஒரு பகுதிக்கு மூடி இன்னும் போடவில்லை. மீதிப் பணத்தில் முதலில் அதை முடித்துவிட்டுக் கோபுர வர்ணத்தைத் தொடங்குவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்பதை வரும் பொதுக்கூட்டம் தீர்மானிக்கட்டும். மூடி உபயம் செய்ய விரும்புவோர் மாலைப் பூசை நேரத்தில் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

செயலாளர்,
திருப்பணிச் சபை