கோடரிக்காம்பும் ஒரு ருமேனியக் கவிஞரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு' என்று நாம் திட்டுகிறோமே, அதே வசவு ருமேனிய மொழியிலும் உண்டு. அதை வைத்து ஒரு கவிதைக் கதையே எழுதியவர் கிரிகோரே அலெக்சாந்ரெஸ்கு. கோடரியோடு ஒரு குடியானவன் வந்திருக்கிறான் என்று காடே பதறுகிறது. கிழட்டு ஓக் மரம் ஒன்று மட்டும், 'நம்மவர் யாராவது அவனோடு சேர்ந்திருக்கிறார்களா?' என்று கேட்கிறது. இல்லை என்றதும், சரி, அப்படியானால் பயமில்லை என்கிறது. அதன்படியே காம்பில்லாத கோடரியோடு வந்தவன் தோற்றுத் திரும்புகிறான். காம்பு கிடைத்த பிறகு நடந்ததை நம் யூகத்துக்கு விட்டுவிட்டு, ஒரு நாட்டின் கேடுகளில் பெரும்பாலானவை அந்நியரால் வருவதில்லை, நம் உறவுக்காரனோ சகோதரனோ செய்வதுதான் என்று முடிக்கிறார்.

இவர் 1810இல் தர்கோவிஷ்தேயில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, புக்கரெஸ்டில் புனித சாவா கல்லூரியில் படித்து, கொஞ்ச காலம் ராணுவத்திலும் இருந்தார். 1840இல் ஆட்சிக்கு எதிரான சதியில் பங்கு என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். அந்த ஆண்டின் பெயரையே தலைப்பாகக் கொண்ட கவிதையில், புதிதாகப் பிறந்த அந்த ஆண்டைப் பார்த்து, எனக்கென்று தனியாக எதுவும் கேட்கவில்லை என்கிறார். தணிக்கை கெடுபிடி இருந்த காலத்தில் நாயையும் மாட்டையும் பேச வைத்தவர், கவிதை நயத்துக்காக மட்டும் அதைச் செய்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

எனக்கு மிகவும் பிடித்தது சாம்சன் என்ற பெரிய நாயின் கதை. சிங்கங்களின் திமிரைப் பற்றி ஒரு மாட்டிடம் குமுறுகிறது. என்னை யாரும் மரியாதை போட்டுப் பேச வேண்டாம், வெறுமனே நாய் என்று கூப்பிட்டாலே போதும் என்கிறது. பக்கத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த சாமுராக்கே என்ற குட்டிநாய் நெகிழ்ந்துபோய், 'சகோதரர்களே' என்று ஓடிவருகிறது. அவ்வளவுதான், உனக்கு நாங்கள் சகோதரர்களா என்று சாம்சன் சீறுகிறது. சமத்துவம் வேண்டும், ஆனால் குட்டிநாய்களுக்கு அல்ல!

1860இல் அவருக்கு மனநிலை பாதித்தது. 1885இல் இறக்கும்வரை, அதாவது வாழ்வின் கடைசி 25 ஆண்டுகள், இப்படியே போனதை நினைத்தால் மனசு கனக்கிறது.

விலங்குக் கதை என்றாலே சிறுவர் பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறோம். தயவுசெய்து இவர் கதைகளை இலக்கியப் பக்கத்தில், செய்யுளாகவே மொழிபெயர்த்துப் போடுங்கள். அப்புறம், இடம் போதவில்லை என்று சாம்சனின் அந்தக் கடைசிப் பேச்சை வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்