ஃபார்மட் போடுவதற்கு முன் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், 'ஃபார்மட் போட்டுடலாம்' என்பதுதான், அதாவது டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. போட்டதும் வேகம் திரும்பவும் செய்யும். பல நேரங்களில் அதற்குக் காரணம், விண்டோஸோடு சேர்ந்து தானாக ஓடத் தொடங்கும் மென்பொருள்கள் அழிந்துபோனதே. அவற்றைத் திரும்ப நிறுவியதும் பழைய கதைதான். பிரதி எடுத்து வைக்காதவர்களுக்கு ஸ்கேன் செய்த சான்றிதழ்களும் குடும்பப் படங்களும் போனது போனதுதான். தானாகத் தொடங்கும் மென்பொருள்களின் பட்டியல்தான் ஸ்டார்ட்அப் பட்டியல். அதில் தேவையற்றவற்றை நிறுத்துவது செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. அதற்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-இல் சின்னப் பெட்டியாக வந்தால் கீழே உள்ள 'மோர் டீடெயில்ஸ்' என்பதைத் தட்டி, 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போகவும். விண்டோஸ் 11-இல் அது இடப்பக்கப் பட்டையில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்று இருக்கும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்ற தனிக் கருவியில் கிடைக்கும்.

பட்டியலில் 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்ற நெடுவரிசையைக் கவனியுங்கள். 'ஹை' என்று இருந்தால் அந்த மென்பொருள் தொடக்கத்தில் பிராசசரை ஒரு நொடிக்கு மேல் பிடித்துக்கொள்கிறது, அல்லது டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதுகிறது என்று பொருள். 300 மில்லி நொடிக்கும் 300 கேபிக்கும் கீழே இருந்தால் 'லோ'. எனவே 'லோ' என்று இருப்பவற்றோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். 'ஹை' வரிகளில் வலது கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். எதுவும் அழியாது, அந்த மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் கையால் திறக்கலாம், மனம் மாறினால் அதே இடத்தில் 'எனேபிள்' கொடுக்கலாம்.

டீம்ஸ், ஸ்பாட்டிஃபை, ஸ்டீம், டோரன்ட் மென்பொருள், மை அளவு காட்டும் பிரின்டர் கருவி இவையெல்லாம் தாராளமாக நிறுத்தக்கூடியவை. மை அளவுக் கருவி நின்றாலும் பிரின்ட் வரும். கணினியைச் சுத்தம் செய்வதாகவும் டிரைவர்களைப் புதுப்பிப்பதாகவும் சொல்லிக்கொண்டு வரும் 'கிளீனர்' வகை மென்பொருள்களை நிறுத்துவதோடு விடாமல் நீக்கியே விடலாம். வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்பவையே தொடக்கத்தில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் 'ரெஜிஸ்ட்ரி'யைச் சுத்தம் செய்யும் கிளீனர்களைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை.

இனி, கைவைக்கக் கூடாதவை. விண்டோஸ் செக்யூரிட்டியும் மடிக்கணினியின் டச்பேட் மென்பொருளும் அப்படியே இருக்கட்டும். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை வழியாகத் தமிழில் தட்டச்சு செய்பவர்கள் அதை நிறுத்திவிட்டு, மறுநாள் தமிழ் வரவில்லை என்று தேட வேண்டாம். கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்கும் ஒன்டிரைவ் விஷயத்தில் யோசித்து முடிவெடுங்கள். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அதில் இணைக்கப்பட்டிருந்தால், அது ஓடாதவரை புதிய கோப்புகள் இணையத்தில் போய்ச் சேராது. ஹார்டு டிஸ்க் போகும் நாளில்தான் அது தெரியவரும்.

அலுவலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையெழுத்துப் போட எம்சைனர் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆதார் விரல்ரேகைக் கருவிக்கு, அதனோடு வரும் 'ஆர்டி சர்வீஸ்' என்ற பின்னணி மென்பொருள் வேண்டும். கணக்கெழுதும் மென்பொருளான டேலிக்கு உரிமம் தரும் கேட்வே சர்வர் நின்றுவிட்டால், டேலி பயிற்சிக்கான எஜுகேஷனல் மோடுக்குப் போய்விடும். அதில் மாதத்தின் ஒரு சில தேதிகள் தவிர வேறு தேதியில் பதிவு போட முடியாது. இவற்றில் சில ஸ்டார்ட்அப் பட்டியலில் வராமல் பின்னணி மென்பொருள்களைக் காட்டும் 'சர்வீசஸ்' பகுதியில் இருக்கும். பெயர் தெரியாத சர்வீஸ்களை மொத்தமாக நிறுத்தச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்றிவிட்டு, கருவி கெட்டுவிட்டது என்று புதிது வாங்குபவர்களும் உண்டு.

பட்டியலில் வெறும் 'புரோகிராம்' என்று, நிறுவனப் பெயரும் படமும் இல்லாமல் ஒரு வரி இருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது எப்போதோ நீக்கிய மென்பொருள் விட்டுப்போன எச்சம். பெயரே கேள்விப்படாததாக இருந்தால் வலது கிளிக்கில் 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுத்துப் பாருங்கள். கோப்பு, தற்காலிகக் கோப்புகளுக்கான 'டெம்ப்' ஃபோல்டரில் இருந்தால் உடனே முழு வைரஸ் ஸ்கேன் ஓட்டுவது நல்லது.

எல்லாம் நிறுத்தியும் சில மென்பொருள்கள் திரும்ப வரும். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போனால், கணினியை அணைத்தபோது திறந்திருந்த ஆப்களை மறுபடி திறக்கும் வசதி ஒன்று உண்டு. அதை அணையுங்கள். எட்ஜ் உலாவியில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்', குரோமில் மூடிய பிறகும் பின்னணியில் ஓட அனுமதிக்கும் அமைப்பு, இரண்டையும் அவற்றின் 'சிஸ்டம்' பக்கத்தில் நிறுத்தலாம். அப்டேட் ஆகும்போது தங்களைத் தாங்களே பட்டியலில் மறுபடி சேர்த்துக்கொள்ளும் மென்பொருள்களும் இருக்கின்றன. அவ்வப்போது எட்டிப்பார்ப்பதைத் தவிர வழியில்லை.

மாற்றங்களைச் செய்ததும் 'ஷட் டவுன்' கொடுக்காமல் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கணினிகளில் ஷட் டவுன் முழுமையான நிறுத்தம் கிடையாது. விண்டோஸின் உட்பகுதி அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்ப ஏற்றப்படும். தினமும் அணைத்த கணினியிலும், டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'அப் டைம்' பல நாட்களைக் காட்டுவது இதனால்தான்.

இத்தனைக்குப் பிறகும் வேகம் வராவிட்டால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்அப் பகுதியின் மேல் மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று நொடிக்கணக்கு இருக்கும். அது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே செலவான நேரம். அங்கேயே இருபது, முப்பது நொடி போகிறதென்றால் ஸ்டார்ட்அப் பட்டியலைக் குறைத்து அதை மாற்ற முடியாது.

இரண்டாவது, டிஸ்க். கணினி தொடங்கி ஐந்து நிமிடம் கழித்தும், எதையும் திறக்காத நிலையில், 'புராசசஸ்' பகுதியில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்தான் முட்டுக்கட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். பத்து மென்பொருள்கள் ஒரே நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறுசிறு கோப்புகளைக் கேட்கும்போது, அதன் படிக்கும் முனை ஒவ்வொன்றுக்கும் இடம் மாறி மாறி ஓட வேண்டும். அப்படி அது நொடிக்கு நூறு முறை அளவில்தான் படிக்க முடியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்ற டிஸ்க்கில், சாதாரண சாட்டா வகைகூடப் பல ஆயிரம் முறை படித்துவிடும். ரேம் 4 ஜிபி மட்டும் இருந்தால் சங்கடம் இரட்டிப்பு. நினைவகம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை அதே டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். இந்த நிலையில் உள்ள கணினிக்கு எத்தனை முறை ஃபார்மட் போட்டாலும் அதே டிஸ்க்தான் உள்ளே இருக்கும். செலவழிப்பதாக இருந்தால் முதலில் எஸ்எஸ்டிக்கு, அடுத்து ரேமுக்கு. பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்து தரும்படி கடையில் கேட்கலாம். மென்பொருள்களும் கோப்புகளும் இருந்தபடி வந்துவிடும். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருமானால், மற்ற எதையும் தொடுவதற்கு முன் முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்குநர் ஒருவர்,
திருச்சி