எஃப்டி-101இ: கரகரக்கும் பாட், பிடிக்காத பேண்ட் சுவிட்ச்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. யாஎசு எஃப்டி-101இ ஹாம் ரேடியோ செட் கடைசியில் உன் மேசைக்கு வந்துவிட்டது, சந்தோஷம். ஏஎஃப் கெயின் பாட்டை, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாறும் ரெசிஸ்டரைத் திருப்பினால் கரகரப்பு, 20 மீட்டர் அலைவரிசையில் பேண்ட் சுவிட்சை (அலைவரிசை மாற்றும் சுவிட்சை) லேசாக ஆட்டினால்தான் ஸ்டேஷன் கேட்கிறது, சில நேரம் பிடிடியை (பேசுவதற்கு அமுக்கும் பொத்தானை) ஒருமுறை அமுக்கி விட்டால்தான் ரிசீவருக்கு உயிர் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். மூன்றும் மூன்று தனி நோய். ஸ்ப்ரே டப்பாவும் கையுமாக உட்கார்ந்துவிடாதே.

முதலில் பாதுகாப்பு. டிரான்ஸ்மிட்டரின் ஃபைனல் வால்வுகளுக்கு 600 வோல்ட் போகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் அது நிற்கலாம். இவ்வளவு பழைய செட்டில் அதைத் தானாக இறக்கும் பிளீடர் ரெசிஸ்டரை நம்ப முடியாது. மீட்டர் வைத்துப் பார். மிச்சமிருந்தால் 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் வழியாக இறக்கிவிட்டு, மறுபடி அளந்த பிறகே கையை உள்ளே விடு.

கரகரப்பு என்றாலே அழுக்கு என்று முடிவு கட்டாதே. சுத்தம் செய்வதற்கு முன் செட்டை ஆன் செய்து, ஏஎஃப் பாட்டின் நடுக்காலுக்கும் சேசிஸுக்கும் இடையே டிசி அளந்து பார். சில மில்லிவோல்ட் என்றால் பரவாயில்லை. அரை வோல்ட், ஒரு வோல்ட் நின்றால் டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் விட வேண்டிய, அதற்கு முந்தைய கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது. வைப்பர் (தடத்தின் மேல் நகரும் முனை) வழியாக டிசி ஓடும்போது கார்பன் தடத்தின் சின்ன மேடு பள்ளம்கூட ஸ்பீக்கரில் சத்தமாகிவிடும். கெபாசிட்டரை மாற்றாமல் பாட்டை மட்டும் கழுவினால் ஒரு மாதத்தில் பழையபடி கத்தும். ஆர்எஃப் கெயினுக்கும் (ரிசீவரின் உணர்திறனைக் கூட்டிக் குறைப்பது) கிளாரிஃபையருக்கும் (ரிசீவர் ஃப்ரீக்வென்சியை நுணுக்கமாக நகர்த்துவது) இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றில் டிசி இருப்பதுதான் முறை. கிளாரிஃபையர் தேய்ந்தால் கரகரப்பு வராது, எதிர்முனைக் குரலின் சுருதி துள்ளும்.

டிசி இல்லையென்றால், பாட்டின் கால்களுக்கு மேலே உள்ள இடுக்கில் சிரிஞ்ச் ஊசியால் இரண்டே சொட்டு கிளீனர் விட்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை முப்பது தடவை திருப்பு. கார்பன் தடத்துக்கு டிஆக்சிட் எஃப்5, உலோகக் கான்டாக்டுகளுக்கு டி5. சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம். எண்ணெய்ப் படலம் தங்கித் தூசியைப் பிடித்துவைக்கும். பிறகு முள் மீட்டரில் ஓம்ஸ் வைத்து மெதுவாகத் திருப்பு. முள் எங்காவது துள்ளினால் தடம் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். ஜப்பானியப் பாட்டில் ஏ என்றால் லாக் (லாகரிதமிக்), பி என்றால் லீனியர். ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைத் தண்டுள்ள பாட் சென்னை ரிச்சி தெருவிலும் சுலபமாகக் கிடைக்காது. அதே மதிப்புள்ள சாதாரண பாட் வாங்கி, தடம் உள்ள தட்டை மட்டும் இதற்குள் மாற்றலாம், அளவு ஒத்துப்போனால். மூடியின் தகடு நாக்குகளை மெல்ல நிமிர்த்து. இரண்டாவது மடக்கிலேயே ஒடிந்துவிடக்கூடியவை.

பேண்ட் சுவிட்சில்தான் பொறுமை வேண்டும். ஒரே தண்டில் வரிசையாக வேஃபர்கள், அதாவது கான்டாக்டுகள் பொருத்திய தட்டுகள். கறுத்த வெள்ளிப் பூச்சைப் பார்த்து உப்புத்தாளை எடுக்காதே: பூச்சு மெல்லியது, போய்விட்டால் அடியிலுள்ள பித்தளை சீக்கிரமே ஆக்சைடு பிடிக்கும். தொந்தரவு கொடுப்பது பெரும்பாலும் காய்ந்த கிரீஸும் தூசியும்தான். பல்குத்தும் குச்சி நுனியில் டி5 தொட்டு ஒவ்வொரு கான்டாக்டிலும் ஒரு சொட்டு, பிறகு எல்லா பேண்டுக்கும் இருபது சுற்று, பஞ்சு உதிராத துணியால் மிச்சத்தை ஒற்றி எடு. பழுப்பு ஃபினாலிக் வேஃபரை நனைக்கவே கூடாது. திரவத்தை உறிஞ்சி அழுக்கோடு சேர்ந்தால் கசிவுப் பாதை உண்டாகும், உயர் வோல்டேஜ் இருக்கும் இடத்தில் பொறி பறக்கும். அருகில் பாலிஸ்டைரின் கெபாசிட்டர் இருந்தால் காகிதத்தால் மறைத்துவிடு, சில கரைப்பான்கள் அதை உருக்கிவிடும். ஃபைனல் பக்கத்து வேஃபரில் கரிந்த புள்ளி தெரிந்தால், டிரான்ஸ்மிட்டில் இருக்கும்போதே யாரோ பேண்ட் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கான்டாக்ட் கிளீனருக்கு மசியாது. தண்டு இறுகியிருந்தால் பிளையரால் முறுக்காமல், சோல்டரிங் அயர்னைத் தண்டில் வைத்துச் சூடாக்கிப் பழைய கிரீஸை இளக்கு. க்ளிக் கொடுக்கும் குண்டுக்கு மட்டும் துளி லித்தியம் கிரீஸ்.

பிடிடியை அமுக்கினால் உயிர் வருவது, ஆன்டெனாவை ரிசீவருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் மாற்றிவிடும் ரிலேயின் வேலை. ஆன்டெனா சிக்னல் மைக்ரோவோல்ட் கணக்கு, கான்டாக்டில் படிந்த படலத்தைத் துளைக்க அதற்குத் தெம்பில்லை. தட்டி மூடும்போது படலம் கொஞ்சம் உடைகிறது, அவ்வளவுதான். ரிலேயைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி மூடியைக் கழற்று. விசிட்டிங் கார்டைக் கீற்றாக நறுக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, கான்டாக்டுகளுக்கு நடுவே வைத்து விரலால் லேசாக அமுக்கி இழு. கீற்றில் கறுப்புக் கோடு வராத வரைக்கும் புதுக் கீற்று. அரம் வேண்டவே வேண்டாம். சாக்கெட் ஊசிகளையும் துடைத்துவிடு.

விஎஃப்ஓ பெட்டியை (ஃப்ரீக்வென்சியை மாற்றித் தரும் பகுதியை) இப்போதைக்குத் தொடாதே. ஃப்ரீக்வென்சி தாவினால் மட்டும் சொல், வேரியபிள் கெபாசிட்டரின் ரோட்டரை எர்த் செய்யும் ஸ்பிரிங்கைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். ஏஎஃப் பாட்டில் எத்தனை மில்லிவோல்ட் நின்றது என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

73, அன்பு வாழ்த்துகளுடன்