அதிதிக்கு ஒரு மூலை கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலை. கோல்ஃப் விதி ஒன்றுகூடத் தெரியாத எங்கள் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு பெண் அதிதி அசோக் கடைசிக் குழிக்கு வந்திருந்தார். பையைச் சுமந்து பக்கத்தில் நின்றவர் அவருடைய அம்மா. தூரத்திலிருந்து அவர் உருட்டிய பந்து குழிக்குள் விழவில்லை. குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் ஆட்டம் இது; ஒரே ஒரு அடி கூடியதால் வெண்கலம் போய், நான்காம் இடம். உலகத் தரவரிசையில் 200-வது இடத்திலிருந்து போனவர் அவர்! சில மாதங்களுக்கு முன் கொரோனா வந்து உடல் தளர்ந்திருந்ததால் பந்தைத் தூரமாக அடிக்க முடியவில்லை. குழிக்கு அருகில் காட்டிய நிதானத்தை வைத்தே நான்கு நாளும் நின்றார்.

அன்று எல்லாப் பத்திரிகைகளும் கொண்டாடின. சரி, அப்புறம்? 2023-இல் கென்யாவிலும் ஸ்பெயினிலும் ஐரோப்பியச் சுற்று என்ற பெண்கள் கோல்ஃப் போட்டித் தொடரின் பட்டங்களை வென்றார். ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் வெள்ளி. ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண் ஒருவர் பெற்ற முதல் பதக்கம். மற்றவர்களைவிட ஏழு அடிகள் குறைவாக எடுத்த முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி, அன்று 77 அடிகள் எடுத்துத் தங்கத்தை விட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இவையெல்லாம் நம் பத்திரிகைகளில் துணுக்குகளாகத்தான் வந்தன. கிரிக்கெட்டுக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கட்டும். அதிதி ஆடும் வாரங்களில் அவர் எந்த இடத்தில் முடித்தார் என்று நான்கு வரி போடுங்கள். தேடித் தேடிப் படிக்க என் மகள் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி